ரயில் விட்ட ஜில்லா போர்டு

ரூபாய்க்குக் காலணா. நூறு ரூபாய் கிஸ்தி கட்டுகிற தஞ்சாவூர் மிராசுதாருக்கு ஒரு ரூபாய் ஒன்பது அணா கூடுதல் தண்டம். எதற்கு என்று கேட்டால், ரயிலுக்கு என்றார்கள் ஜில்லா போர்டுக்காரர்கள். எந்த ரயில்? இனிமேல்தான் வரும்! ரயில் வருவதற்குள் வரி பல தடவை வந்து போய்விட்டது, ஒரு வருஷமும் லேட் இல்லை.

ஜில்லா போர்டுகளுக்கு வெள்ளைக்காரன் ஒதுக்கியது எடுபிடி வேலைதான்: ரோட்டுக்குக் கப்பி போடு, அம்மை குத்து, சத்திரத்தைப் பார்த்துக்கொள். 1882-ல் வைஸ்ராய் ரிப்பன் பிரபு ஸ்தல சுயாட்சி என்று முழங்கினார். 1884-ல் சென்னை மாகாணத்துக்குச் சட்டமும் வந்தது. போர்டுத் தலைவர் நாற்காலியில் பார்த்தால் கலெக்டர் துரை! யாருடைய சுயமோ, யாருடைய ஆட்சியோ. அவரை எழுப்பிவிட்டு நம்மவர்கள் உட்கார இன்னொரு தலைமுறை ஆயிற்று.

தஞ்சாவூர் போர்டுக்குக் கப்பி பற்றவில்லை. அந்தக் காலணாக்களைச் சேர்த்து 1894-ல் மாயவரத்திலிருந்து திருவாரூர் வழியாக முத்துப்பேட்டை வரை சொந்த ரயில் பாதை போட்டே விட்டது. பின்னால் அது அறந்தாங்கி வரைக்கும் நீண்டது. வண்டியை ஓட்டியது சவுத் இந்தியன் ரயில்வே, பாதைக்குச் சொந்தக்காரர் போர்டு. நிலம் ஒருத்தருக்கு, உழுவது இன்னொருத்தர் என்ற ஏற்பாடு தஞ்சாவூருக்குப் புதிதா என்ன?

சத்திரக் கதை இன்னும் ருசி. மராட்டிய ராஜாக்கள் விட்டுப்போன சத்திரங்களின் வருமானம் போர்டு கையில் இருந்தது. அந்தக் காசில் நடந்த திருவையாற்றுக் கல்லூரியில் சமஸ்கிருதத்துக்கு மட்டும் பாய் விரித்திருந்தார்கள். 1924-ல் தலைவரான நீதிக்கட்சி ஏ.டி. பன்னீர்செல்வம் தமிழையும் உள்ளே கூட்டிவந்தார். காவிரிக் கரையில் தமிழ் உட்கார இடம் கேட்க, ஒரு போர்டு பிரசிடென்ட்டின் சிபாரிசு வேண்டியிருந்தது! தமிழுக்கே அந்தக் கதி என்றால், வேலை கேட்டு வாசலில் நின்றவர்களைச் சொல்லவே வேண்டாம்.

1934-ல், ஜில்லா போர்டுகளுக்குக் கீழே இருந்த தாலுகா போர்டுகளை ஒழித்தார்கள். 1958-ல் கொண்டுவந்த சட்டங்களோடு ஜில்லா போர்டுகளுக்கும் சீட்டுக் கிழிந்தது. கீழே பஞ்சாயத்து யூனியன்கள் முளைத்தன. மேலே மாவட்ட அபிவிருத்தி மன்றம் என்று ஒன்றை வைத்து, மறுபடி கலெக்டரையே தலைவராக்கினார்கள். மன்றத்தின் வேலை ஆலோசனை சொல்வது. ரயிலாவது, தண்டவாளமாவது! ஆலோசனைக்குக் காலணாகூடச் செலவில்லை.