அளவுகோலை வென்ற அண்ணலே, வாழ்க!

மேட்டூர் அணைக்குப் படம் போட்டு ஊருக்குச் சேதி சொல்லும் பெருந்தகையே! ஜீயபுரத்து வாழைக்காரர்கள் சார்பில் தங்களுக்கு இந்த வாழ்த்துமடல். பட்டை, கோடு, வட்டம், உருவம் என நால்வகைப் படத்திலும் தாங்கள் காட்டும் கைவரிசையைப் புகழாவிட்டால் நாங்கள் நன்றி கெட்டவர்கள் ஆவோம்.

அணை 120 அடியிலிருந்து 119-க்கு இறங்கினால், எங்களைப் போன்ற பாமரர் நூற்றுக்கு ஒன்றுகூடக் குறையவில்லையே என்று சும்மா இருந்துவிடுவோம். தாங்களோ அச்சைச் சுழியத்தில் தொடங்கும் பத்தாம்பசலி வழக்கத்தை உதறிவிட்டு, 118-இல் தொடங்குகிறீர்கள். உடனே இரண்டாவது பட்டை முதல் பட்டையில் பாதியாகிவிடுகிறது. அணையைப் பாதி காலி செய்ய மதகு எதற்கு? தங்கள் பேனா போதும்.

காலி செய்யத் தெரிந்த கைக்கு நிரப்பவும் தெரியும். நீர்மட்டம் 60 அடி என்றதும் பாதி உயரத்துக்கு நீலம் பூசி, ‘அணை பாதி நிரம்பியது’ என்கிறீர்கள். அணைக்குள் பள்ளத்தாக்கு அடியில் குறுகி மேலே விரிகிறது. அதனால் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்றால், 60 அடியில் இருப்பது சுமார் 25 டி.எம்.சி.தான். கால் பங்கை அரைப் பங்காக்கும் இந்த வள்ளன்மை வருண பகவானுக்கே கிடையாது.

கோட்டுப் படத்தில் தங்கள் கருணை இன்னும் பெரிது. 2024-இல் அணையில் தண்ணீர் இல்லாமல் வழக்கமான ஜூன் 12-இல் மதகு திறக்கவில்லை. ஜூலை 30-இல்தான் அணை நிரம்பியது. கோட்டை ஜூலை நடுவில் தொடங்கினால் ஏறுமுகம் மட்டுமே தெரியும். நாற்றங்காலுக்குத் தண்ணீர் இல்லாமல் காத்திருந்தவன் மனம் புண்படக் கூடாது என்றுதானே அந்த ஜூனையே அழித்தீர்கள்?

உருவப் படத்திலோ, பூவன் வாழைத்தார் விலை இரட்டித்தால், தாரின் உயரத்தையும் அகலத்தையும் சேர்த்தே இரட்டிக்கிறீர்கள். படத்தில் தார் நாலு மடங்கு ஆகிறது. எந்த உரமும் தராத விளைச்சல்! வட்டப் படத்தையோ சாய்த்து வைத்து, பிடித்த துண்டை முன்னே இழுத்துப் பெருக்குகிறீர்கள். பங்குகளைக் கூட்டினால் சில நாள் 104 வருகிறது. நூற்றுக்குள் அடங்குவது சிறியோர் செயல் அல்லவா?

1786-இல் பட்டைப் படத்தை அச்சேற்றிய வில்லியம் பிளேஃபேர் எண்களைக் கண்ணுக்குக் காட்டவே பாடுபட்டார். எண்களைக் கண்ணிலிருந்து மறைக்கவும் அதே படம் உதவும் என்று கண்டவர் தாங்கள்.

இத்தனை தொண்டுக்கும் கைம்மாறு உண்டு. தங்கள் நாட்கூலி ஆயிரம் ரூபாய் என்றால், பத்து ரூபாய் கூட்டித் தரச் சொல்லி முதலாளியிடம் பரிந்துரைக்கிறோம். குறை என்று எண்ண வேண்டாம். அச்சை 995-இல் தொடங்கி வரைந்து பாருங்கள், மும்மடங்கு உயர்வு!