சட்டனூகா: ஊரா, காடா?

நியூயார்க், நியூஜெர்சி என்றே பேசிக்கொண்டிருந்த வீடுகளில் இப்போது டென்னசி, அலபாமா, வட கரோலினா என்ற பெயர்களும் அடிபடுகின்றன. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் உள்ள நடுத்தர நகரங்களுக்குப் பிள்ளைகள் வேலைக்குப் போகிறார்கள். பெற்றோர்கள் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறார்கள். டென்னசியின் சட்டனூகா நகரம் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இந்த முறை பதில்.

கே: மகனுக்குச் சட்டனூகாவில் கார்த் தொழிற்சாலை வேலை. உறவினர்கள் யாரும் அந்தப் பெயரையே கேட்டதில்லை என்கிறார்கள். அது ஊரா, காடா?
— கவலையில் ஒரு தந்தை, திருநெல்வேலி

ப: ஊர்தான். ஆறும் மலையும் மரமும் நகரத்துக்குள்ளேயே இருப்பதால் சந்தேகம் வருவது நியாயம். டென்னசியின் தென்கிழக்கு மூலையில், ஜார்ஜியா எல்லையை உரசிக்கொண்டு இருக்கிறது. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 1,81,099. திருநெல்வேலி மாநகராட்சியில் 2011-லேயே நான்கரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. நெல்லைக்காரர் கண்ணுக்கு இது சின்ன ஊர். அமெரிக்கக் கணக்கில் நடுத்தர நகரம்.

உறவினர்கள் பெயரைக் கேட்டிருக்காவிட்டாலும் ஊரின் உபயத்தைக் குடித்திருப்பார்கள். 1899-ல் இந்த ஊர் வக்கீல்கள் இருவர் அட்லாண்டாவுக்குப் போய், கோகோ-கோலாவைப் பாட்டிலில் அடைத்து விற்கும் உரிமையை அநேகமாக அமெரிக்கா முழுமைக்கும் வாங்கி வந்தார்கள். விலை ஒரு டாலர். கடையில் கண்ணாடி டம்ளரில் ஊற்றிக் கொடுக்கும் பானத்தைப் பாட்டிலில் யார் வாங்கப் போகிறார்கள் என்பது கம்பெனிக்காரரின் எண்ணம். பெண் பார்க்கும் இடத்தில் மாப்பிள்ளை இருக்கும் ஊரின் பெருமையைக் கேட்டால் இதைச் சொல்லலாம்.

கே: அமெரிக்காவிலேயே அழுக்கான நகரம் அதுதான் என்று எங்கோ படித்தேனே?
— கல்லூரி மாணவி, திருச்சி

ப: படித்தது சரி, செய்திதான் பழையது. 1969-ல் தொலைக்காட்சிச் செய்தியாளர் வால்டர் கிராங்கைட் நாடறிய அப்படித்தான் அறிவித்தார். வார்ப்பாலைகளின் புகை, சுற்றியிருந்த மலைகளைத் தாண்ட முடியாமல் மூடி போட்ட சட்டிக்குள் ஆவியைப் போல ஊருக்குள்ளேயே தங்கியது. பகலில் கார் விளக்கைப் போட்டுக்கொண்டு ஓட்டிய கதையை அங்கே பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

பிறகு ஊர் தன்னைத் திருத்திக்கொண்டது. 1992-ல் ஆற்றங்கரையில் பெரிய மீன் காட்சியகம் வந்தது. வண்டிகள் ஓடாமல் மூடிக் கிடந்த வால்நட் தெருப் பாலம் 1993-ல் நடப்பவர்களுக்கென்று திறக்கப்பட்டது. 'அவுட்சைடு' என்ற பத்திரிகை 2011-லும் 2015-லும் இதையே சிறந்த ஊராகத் தேர்ந்தெடுத்தது. காற்று சுத்தமானதற்குச் சட்டம் ஒரு காரணம். ஆலைகள் பல மூடப்பட்டது இன்னொரு காரணம். சுற்றுலா விளம்பரங்களில் முதல் காரணம் மட்டும் வரும்.

கே: இன்டர்நெட் எப்படி? வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் மருமகள் கேட்கச் சொன்னாள்.
— மாமியார், மேற்கு மாம்பலம்

ப: மருமகளுக்காக மாமியார் கேட்கும் கேள்வி என்பதால் விரிவாகவே பதில்.

இந்த ஊரின் உண்மையான அதிசயம் மலையும் அல்ல, மீனும் அல்ல, மின்வாரியம். இ.பி.பி. என்று அழைக்கப்படும் அது நகரத்துக்குச் சொந்தமான நிறுவனம். மின்கம்பி எங்கே அறுந்தது என்பதைத் தானே கண்டுபிடித்து, மின்சாரத்தை வேறு வழியில் திருப்பிவிடும் கட்டமைப்புக்காக வீடுதோறும் ஒளியிழை இழுத்தார்கள். மத்திய அரசு 11 கோடி டாலருக்கு மேல் மானியம் தந்தது. இழைதான் இருக்கிறதே என்று அதிலேயே இணையமும் விட்டார்கள். 2010-ல் தன் எல்லைக்குள் இருந்த எல்லா வீட்டுக்கும் விநாடிக்கு 1 கிகாபிட் வேகம் தர முன்வந்தபோது, அமெரிக்காவில் வேறெந்தப் பெருநகரத்திலும் அது கிடையாது. 2015-ல் 10 கிகாபிட், 2022-ல் 25. அவ்வளவு வேகத்தை ஒரு வீட்டில் என்ன செய்வது என்று கேட்கக் கூடாது. அண்டாவில் தண்ணீர் இருக்கிறது, டம்ளர் அவரவருடையது.

தனியார் கேபிள் நிறுவனங்கள் வழக்குப் போட்டுப் பார்த்தன, தோற்றன. ஆனால் வேறொரு வழியில் வென்றன. மின்வாரியம் தன் மின்சார எல்லைக்கு வெளியே இணையம் விற்கக் கூடாது என்கிறது டென்னசி மாநிலச் சட்டம். 2015-ல் மத்தியத் தொலைத்தொடர்பு ஆணையம் அந்தத் தடையை நீக்க முயன்றது. 2016-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அதற்கு ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. அதனால் எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கத்து வீட்டில் அதிவேகம்; அந்தப் பக்கம் சில மைல் தள்ளி இருப்பவருக்கு ஆமை வேகம். வீடு பார்க்கும்போது வாஸ்துவைப் பார்க்கிறார்களோ இல்லையோ, இந்தக் கோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

2020-ல் பள்ளிகள் மூடியபோது ஏழை வீட்டுப் பிள்ளைகள் சுமார் 28,000 பேருக்கு இலவச இணைப்பு தரும் திட்டத்தை இதே வாரியம் பள்ளி நிர்வாகத்தோடு சேர்ந்து தொடங்கியது. ஊரில் பாராட்ட வேண்டியது எது என்று கேட்டால், வேகத்தைவிட இதைத்தான் சொல்ல வேண்டும்.

கே: டென்னசியில் மாநில வருமான வரியே கிடையாதாமே! முழுக்க லாபம்தானே?
— வங்கி அதிகாரி (ஓய்வு), கோயம்புத்தூர்

ப: மத்திய அரசின் வருமான வரி எப்போதும் போல உண்டு. மாநிலம் சம்பளத்தைத் தொடாது என்பது உண்மை. இனிமேலும் தொடக் கூடாது என்று 2014-ல் மக்கள் வாக்களித்து அரசியல் சாசனத்திலேயே எழுதிவிட்டார்கள். ஆனால் அரசாங்கம் எங்கேயாவது கை நீட்டத்தானே வேண்டும்? கடைக் கல்லாவில் நீட்டுகிறது. மாநில விற்பனை வரி 7 சதவீதம். அதன் மேல் உள்ளூர் வரி சேர்ந்தால் 9-ஐத் தாண்டும். அரிசி, பருப்புக்கும் விலக்கில்லை. உணவுப் பொருளுக்கு மாநில வரி 4 சதவீதம், உள்ளூர் வரி தனி.

இதில் யாருக்கு லாபம் என்பதை வங்கி அதிகாரிக்கு விளக்க வேண்டியதில்லை. கலிபோர்னியா கம்பெனியின் சம்பளத்தைச் சட்டனூகாவில் உட்கார்ந்து வாங்குபவருக்குக் கொண்டாட்டம். டென்னசிக்குத் தனியாகக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் கிடையாது. மத்திய அரசு 2009-ல் நிர்ணயித்த மணிக்கு 7.25 டாலர்தான் அங்கேயும் தரை. அந்தத் தரையை ஒட்டிச் சம்பாதிப்பவர், ரொட்டிக்கும் வரி கட்டிவிட்டுத்தான் வெளியே வருகிறார். வெளியூர்ச் சம்பளக்காரர்கள் வந்து இறங்க இறங்க வாடகையும் ஏறிவிட்டது.

கே: அங்கே கார் இல்லாமல் வாழ முடியுமா?
— டவுன் பஸ் பயணி, மதுரை

ப: முடியும், எங்கும் போகாமல் இருந்தால்.

கே: ரயிலுமா இல்லை? அந்த ஊர் ரயிலைப் பற்றிப் பிரபலமான பாட்டே இருக்கிறதே!
— பழைய இசைத்தட்டுப் பிரியர், புதுச்சேரி

ப: பாட்டு இருக்கிறது, ரயில்தான் இல்லை. கிளென் மில்லர் இசைக்குழு 'சட்டனூகா சூ சூ' பாட்டை வெளியிட்டது 1941-ல். 1909-ல் திறந்த அழகான டெர்மினல் நிலையத்திலிருந்து கடைசிப் பயணிகள் ரயில் 1970-ல் கிளம்பிப் போனது. கட்டடம் 1973-ல் ஹோட்டலாக மாறி, ரயில் பெட்டிகளிலேயே படுக்கையறைகளும் போட்டார்கள். பெட்டியில் ஏறிப் படுக்கலாம். காலையில் எழுந்தாலும் அதே ஊர்தான்.

நகர மையத்தில் மின்சாரப் பேருந்தை இலவசமாக விட்டார்கள். 1992-லேயே தொடங்கிய முன்னோடி முயற்சி அது. மையத்தைத் தாண்டினால் பஸ் அரிது. கார் இருந்தாலும் வேடிக்கைகள் உண்டு. நாஷ்வில் போகும் 24-ஆம் நெடுஞ்சாலை, டென்னசியிலிருந்து டென்னசிக்குப் போகும் வழியில் ஜார்ஜியாவுக்குள் சில மைல் எட்டிப் பார்த்துவிட்டு வரும். மேற்கே பக்கத்து மாவட்டத்தில் நுழைந்ததும் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னே போகும். எட்டு மணிக்குக் கிளம்பி எட்டு மணிக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தேன் என்று மகன் சொன்னால் பொய் என்று திட்டிவிடாதீர்கள்.

கே: எங்கள் ஊர் பார்க்காத புயலா? அங்கே சூறாவளி வந்தால் என்ன பயம்?
— நாகப்பட்டினத்துக்காரர்

ப: வங்கக் கடல் புயல் மூன்று நாள் முன்பே பெயர் வைத்துக்கொண்டு, எச்சரிக்கைக் கூண்டு ஏறிய பிறகு வருகிறது. அங்கே வருவது டொர்னேடோ. எச்சரிக்கை சில நிமிடங்கள்தான் கிடைக்கும். 2011 ஏப்ரல் 27-ல் தென் மாநிலங்கள் முழுவதையும் புரட்டிப் போட்ட சுழற்காற்றுத் தொடரில் இந்த வட்டாரமும் அடிபட்டது. 2020 ஏப்ரல் 12, ஈஸ்டர் ஞாயிறு இரவு, ஊரின் கிழக்குப் பகுதிகளில் வீடுகளையே பிய்த்துப் போட்டது. கைபேசி அலறியதும் கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத அறைக்கோ குளியலறைக்கோ ஓட வேண்டும். மொட்டை மாடிக்குப் போய் வீடியோ எடுக்கக் கூடாது.

மற்றபடி கோடை நம்மைப் போலவே புழுங்கும். குளிர்காலத்தில் ஓர் அங்குலம் பனி விழுந்தால் பள்ளிக்கு விடுமுறை.

கே: சைவச் சாப்பாடு கிடைக்குமா?
— நான்கு தலைமுறை சைவக் குடும்பம், கும்பகோணம்

ப: காய்கறி நிறையக் கிடைக்கும்; அதற்குள் பன்றி ஒளிந்திருக்கும். கீரையையும் பீன்ஸையும் பன்றிக் கறித் துண்டு போட்டு வேகவைப்பதுதான் அமெரிக்கத் தென்னாட்டுக் கைப்பக்குவம். கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். 'ஓர் இறைச்சி, மூன்று காய்' என்று பரிமாறும் பழைய பாணி உணவகங்களில், காய்கறிப் பட்டியலில் சீஸ் போட்ட மக்ரோனி இருக்கும். எந்தச் செடியில் காய்க்கிறது என்று கேட்க வேண்டாம்.

ஆறுதல்களும் உண்டு. கிரிட்ஸ் என்பது நம்ம சோள ரவைக் கஞ்சிதான். கடுகு தாளித்துவிட்டால் கும்பகோணமே. ஆப்பிரிக்காவிலிருந்து வந்து தென்னாட்டு உணவில் குடியேறிய வெண்டைக்காய், மாவில் புரட்டிப் பொரித்து வரும். ஜார்ஜியா பக்கச் சாலையோரங்களில் உப்புப் போட்டு வேகவைத்த வேர்க்கடலை விற்கிறார்கள், மெரினாவிலிருந்து யாரோ சொல்லிக்கொடுத்த மாதிரி. வண்டி நிறைய மளிகை வாங்க அட்லாண்டாவை ஒட்டிய டிகேட்டருக்கு ஓட வேண்டும். பெருமாளைச் சேவிக்க அட்லாண்டாவுக்குத் தெற்கே ரிவர்டேல் கோயில், பிள்ளையாருக்கு நாஷ்வில். இரண்டுமே இரண்டு மணி நேரத்துக்குக் குறையாத கார்ப் பயணம்.

கே: பக்கத்து வீட்டுக்காரர் பார்த்ததும் "எந்தச் சர்ச்சுக்குப் போகிறீர்கள்?" என்று மகளிடம் கேட்டாராம். வம்பா?
— தாய், ஈரோடு

ப: விசாரிப்புதான். "எந்த ஊர், எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை?" என்று நம்மூரில் கேட்பதன் டென்னசிப் பதிப்பு. 2014-ல் அமெரிக்காவிலேயே பைபிள் பற்று அதிகமுள்ள நகரம் என்று பட்டியலிட்டபோது முதலிடம் சட்டனூகாவுக்கு. கோயிலுக்குப் போகிறோம் என்று சிரித்துக்கொண்டே சொன்னால் போதும்; அடுத்த வாரம் கேக் வரும். அழைப்பிதழும் வரலாம்.

கே: கறுப்பர், வெள்ளையர் பிரச்சினை இன்னும் உண்டா? மழுப்பாமல் சொல்லவும்.
— வழக்கறிஞர், சேலம்

ப: வழக்கறிஞர் கேட்டதால் ஒரு வழக்கையே சொல்லலாம். மேலே குறிப்பிட்ட வால்நட் தெருப் பாலத்தில் இன்று குழந்தைகள் ஐஸ்கிரீமோடு ஓடுகிறார்கள். 1906 மார்ச் 19 இரவு, எட் ஜான்சன் என்ற கறுப்பின இளைஞரை ஒரு கும்பல் சிறையிலிருந்து இழுத்து வந்து அந்தப் பாலத்தில்தான் தூக்கிலிட்டது. வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி அவருக்கு மரண தண்டனை விதித்திருந்தது. நோவா பார்டன், ஸ்டைல்ஸ் ஹட்சின்ஸ் என்ற இரண்டு கறுப்பின வழக்கறிஞர்கள் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தண்டனையை நிறுத்திவைத்திருந்தார்கள். அந்தச் செய்தி வந்த அன்றிரவே கும்பல் புகுந்தது.

கோபமடைந்த உச்ச நீதிமன்றம், சிறைக்குப் பொறுப்பான ஷெரிஃப் ஷிப்பையும் மற்றவர்களையும் நீதிமன்ற அவமதிப்புக்காகத் தானே விசாரித்தது. அதன் வரலாற்றில் நடத்திய ஒரே குற்ற விசாரணை அதுதான். 1909-ல் ஷெரிஃபுக்குக் கிடைத்தது 90 நாள் சிறை. திரும்பி வந்தபோது ஊர் திரண்டு வரவேற்றது. வழக்காடிய இரண்டு வழக்கறிஞர்களும் உயிருக்கு அஞ்சி ஊரைவிட்டே போனவர்கள், திரும்பவே இல்லை. தீர்ப்பு ரத்தானது 2000-ல். பாலத்தின் தென்முனையில் நினைவுச் சின்னம் வந்தது 2021-ல்.

இன்று எந்தப் பேட்டையில் யார் குடியிருக்கிறார்கள், எந்தப் பள்ளியில் யார் படிக்கிறார்கள் என்று பார்த்தால் பழைய கோடுகள் முழுக்க அழியவில்லை என்பது தெரியும். மழுப்பாத பதில்: உண்டு.

கே: ஆடு மேய்க்கத் தெரியும். அங்கே வேலை கிடைக்குமா?
— குறும்புக்காரர், ஒட்டன்சத்திரம்

ப: நீங்கள் கிண்டலுக்குக் கேட்டாலும், அங்கே அது நகராட்சி வேலையாகவே இருந்தது. ஜப்பானிலிருந்து வந்த குட்ஸு என்ற கொடி தென்னாட்டில் மரத்தையும் கம்பத்தையும் போர்த்திக்கொண்டு வளர்கிறது. 2006 வாக்கில் மிஷனரி ரிட்ஜ் என்ற குன்றில் அதைத் தின்ன நகர நிர்வாகமே ஆடுகளை இறக்கியது. 1863-ல் உள்நாட்டுப் போர் நடந்த குன்று அது.

கே: கார்த் தொழிற்சாலையில் சங்கம் உண்டா?
— தொழிற்சங்கத் தோழர், அம்பத்தூர்

ப: 2011-ல் உற்பத்தியைத் தொடங்கிய ஃபோக்ஸ்வாகன் ஆலையில் 2014-லும் 2019-லும் சங்கம் வேண்டாம் என்று தொழிலாளர்களே சிறு வித்தியாசத்தில் வாக்களித்தார்கள். 2024 ஏப்ரலில் 2,628-க்கு 985 என்று சங்கம் வென்றது. தென் மாநிலங்களில் இது பெரிய செய்தி.

கே: கடைசியாக, போகலாமா, வேண்டாமா? நாங்கள் பார்க்கப் போவதென்றால் எப்போது?
— அதே கவலைத் தந்தை, திருநெல்வேலி

ப: கையில் நல்ல சம்பளமும் வாசலில் காரும் இருப்பவருக்கு ஊர் வெகு சுகம்: மலை பத்து நிமிடம், ஆறு ஐந்து நிமிடம், இணையம் உடனே. இரண்டில் ஒன்று குறைந்தாலும் சிரமம். மகனுக்கு இரண்டும் அமைகிறது என்றால் தாராளமாகப் போகட்டும். முதல் வருடம் மட்டும் வாடகை வீடு போதும். ஓர் ஆகஸ்ட் புழுக்கத்தையும் ஓர் ஏப்ரல் சைரனையும் பார்த்த பிறகு வீடு வாங்குவதைப் பற்றிப் பேசலாம்.

நீங்கள் போக அக்டோபர் கடைசி நல்லது. மலையெல்லாம் இலை சிவந்து கிடக்கும். பயண மருத்துவக் காப்பீடு இல்லாமல் கிளம்பாதீர்கள். சட்டனூகா விமான நிலையத்துக்கு வெளிநாட்டு விமானம் வராது. அட்லாண்டாவில் இறங்கினால் சுமார் 190 கிலோமீட்டர். வேன் ஓடுகிறது, மகன் விடுப்பு எடுத்துக் காரோடு வந்தால் இன்னும் நல்லது.