கழுகாரின் விருந்தோம்பல்

1994இல் சூப்பர் நின்டெண்டோவுக்கு வந்த ‘டாங்கி காங் கன்ட்ரி’ வீடியோ விளையாட்டில் மாஸ்டர் நெக்கி என்றொரு ராட்சதப் பிணந்தின்னிக் கழுகு. விளையாட்டின் இரண்டாம் உலகத்துக்கே அதிபதி. ஆனால் பறக்கிற சிரமமெல்லாம் கிடையாது. திரையோரத்திலிருந்து கழுத்தை நீட்டும், ஒரு கொட்டையைத் துப்பும், உள்ளே போய்விடும். உடம்பு எங்கே என்று கேட்கக் கூடாது.

அதன் இருப்பிடத்தின் நட்டநடுவில் ஒரு டயர் கிடக்கிறது. அதில் குதித்து எம்பினால் நேரே அதன் உச்சந்தலை! அடிக்க வருகிறவனுக்கு ஏணி போட்டுக் கொடுக்கும் இந்தப் பெருந்தன்மை எந்த வில்லனுக்கு வரும்? நாம் ஆட்டுவிக்கும் குரங்கு சில தடவை மண்டையில் மிதித்தால் கதை முடிந்தது. கூலியாகப் பெரிய வாழைப்பழம் ஒன்று.

ஆறாம் உலகத்தில் பழிவாங்க மாஸ்டர் நெக்கி சீனியர் எழுந்தருளுகிறார். அனுபவஸ்தர் அல்லவா, கொட்டைகளைத் தாராளமாகத் துப்புகிறார். டயரை அப்புறப்படுத்தத்தான் அவருக்கும் தோன்றவில்லை.