தாலி இல்லாத கெட்டிமேளம்

முதல் ஆல்பத்தை ஒரு கிடார், ஒரு டிரம் செட், கொஞ்சம் கோபம் இவற்றை வைத்தே முடித்துவிடுகிற ராக் குழு, இரண்டாவது ஆல்பத்துக்கு மட்டும் கூடம் நிறைய வயலின்காரர்களைக் கூப்பிடுவது ஏன்? கலை வளர்ச்சி என்பார்கள். மும்பை மாட்டுங்காவில் நாலு கல்யாணம் பார்த்தவர்கள் இதை நம்புவது கஷ்டம். முகூர்த்த நேரத்தில் ஒரு பெரியவர் விரலை ஆட்டி "கெட்டிமேளம், கெட்டிமேளம்!" என்று கத்துவார். நாதஸ்வரமும் தவிலும் ஒரே வீச்சில் உச்சத்துக்குப் போகும். யார் தும்மினாலும், எந்தச் சித்தப்பா முணுமுணுத்தாலும் மணமேடைக்குக் கேட்காது. அந்த மேளத்தின் வேலையே அதுதான். ஆனால் அது தாலி கட்டி முடிகிறவரைதான். நம் ராக் குழுக்களோ தாலியை எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டே நாற்பது நிமிஷம் கெட்டிமேளம் வாசிக்கிறார்கள்.

இந்த வழக்கத்தின் கொள்ளுத்தாத்தா, மூடி ப்ளூஸ் குழுவின் இரண்டாவது ஆல்பமான 'டேஸ் ஆஃப் ஃப்யூச்சர் பாஸ்ட்' (1967). டெக்கா நிறுவனத்துக்குத் தன் புது ஸ்டீரியோ நுட்பத்தைக் காட்ட வேண்டியிருந்தது, ஆர்கெஸ்ட்ரா வந்தது. உட்கார்ந்து கேட்டால் வேடிக்கை புரியும்: பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே பீட்டர் நைட்டின் வயலின்கள் பொங்கும், குழு வாயைத் திறந்ததும் பெரும்பாலும் ஒதுங்கிக்கொள்ளும். சம்பந்திகள் ஒரே பந்தியில் உட்காரவே இல்லை. நாற்பது வருஷம் கழித்து, கனடாவின் இண்டி குழு ஆர்கேட் ஃபயர் தன் இரண்டாவது ஆல்பமான 'நியான் பைபிளு'க்கு ஒரு தேவாலயத்தையே வாங்கி ஸ்டுடியோ ஆக்கியது. இன்னொரு தேவாலயத்தின் பைப் ஆர்கன், போதாக்குறைக்கு புடாபெஸ்ட்டில் ஆர்கெஸ்ட்ரா, ஆண்கள் கோரஸ். அது நல்ல ஆல்பமாயிற்றே என்பீர்கள். நல்ல ஆல்பம்தான். ஆனால் அதில் ஆர்கெஸ்ட்ரா கம்பீரமாக எழும் 'நோ கார்ஸ் கோ', 2003லேயே அவர்களுடைய சின்ன ஈ.பி.யில் வந்த பாட்டு. தாலி முதலிலேயே கையில் இருந்தது. மேளம் அப்புறம்தான் வந்தது.

"புடாபெஸ்ட் ஆர்கெஸ்ட்ராவைத்தானே இளையராஜாவும் 2005ல் வந்த 'திருவாசக'த்துக்கு வாசிக்கச் சொன்னார்?" என்று செம்பூரிலிருந்து ஒரு குரல் நிச்சயம் எழும், அங்கே ராஜாவைத் தொடாமல் இசை பேசிவிட்டுத் தப்ப முடியாது. ஒவ்வொரு ஸ்வரத்தையும் தன் கையால் எழுதித் தருகிறவருக்கு வாசிக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான். ராக் தம்பிகளுக்கோ எழுதித் தரவும் ஆள் வேண்டும். காசில்லாதவனின் வயிற்றெரிச்சல் இது என்று இன்னொரு குரல் கேட்கலாம். தாராவியின் டோப்அடெலிக்ஸ் குழு ராப் பாடியே 2018ல் 'காலா' வரை போயிற்று. ரஜினி படத்தில் வயலின் கேட்டால் கிடைக்காமலா இருந்திருக்கும்? அவர்களுக்குச் சொல்ல விஷயம் இருந்தது, வாயே போதுமாயிற்று.

ஆசை அடங்காத மும்பைக் குழுக்களுக்கு ஒரு தகவல்: விமான டிக்கெட் தேவையில்லை. நரிமன் பாயிண்ட் என்.சி.பி.ஏ.வில் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா 2006 முதல் இருக்கிறது. சயானில் லோக்கல் ஏறி, சி.எஸ்.எம்.டி.யில் இறங்கி, பஸ் பிடித்தால் போதும். என்ன, போய்ச் சேர்ந்ததும் முதல் கேள்வியே "நோட்டேஷன் எங்கே?" என்றுதான் இருக்கும்.