சாக்ரடீசும் சாலட்டும்

கே: சாக்ரடீஸ் உண்ட அதே கிரேக்க கிராமத்து சாலட்டை நம் வீட்டிலும் செய்ய இயலுமா?

ப: அம்மகானுக்குக் கிட்டியது நஞ்சு, தக்காளி கிட்டவில்லை. கி.மு. 399இல் அவர் மறைந்து ஏறத்தாழ 2000 ஆண்டுகள் கழித்தே, அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி அக்கனி ஐரோப்பாவை எட்டிற்று. ஆகவே சாக்ரடீசை விடுத்து, இன்றைய கிராமத்தானைப் பின்பற்றி, நன்கு பழுத்த தக்காளியையும் வெள்ளரியையும் பெரிய துண்டங்களாக அரிந்து, வெங்காயமும் பச்சைக் குடைமிளகாயும் ஆலிவ் காய்களும் சேர்த்து, ஃபெட்டா பாலாடைக்கட்டியை உதிர்க்காமல் ஒரே பாளமாக மேலே அமர்த்தி, உலர்ந்த ஆரிகானோவைத் தூவி, ஆலிவ் எண்ணெயைத் தாராள சித்தத்துடன் வார்க்கவும். தட்டின் அடியில் தேங்கும் சாற்றை ரொட்டியால் ஒற்றி உண்ணாதவர், என் அபிப்பிராயத்தில், சாலட்டைப் பாதியே உண்டவர்.

கே: லெட்டூஸ் கீரை சேர்த்தால் பாதகமா?

ப: பாதகமில்லை, கிராமம்தான் மாறிவிடும்.

கே: ஃபெட்டாவுக்குப் பதிலாக எருமைப்பால் பனீர்?

ப: வயிறு ஆட்சேபிக்காது, சட்டம் ஆட்சேபிக்கும். குறைந்தது 70 சதவிகிதம் செம்மறியாட்டுப் பாலும், மிச்சத்துக்கு வெள்ளாட்டுப் பாலும் கொண்டு, கிரேக்க நாட்டில் செய்ததற்கே அப்பெயர் உரியதென்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. எருமைக்கு அங்கே பிரஜாவுரிமை இல்லை.