நெஞ்சுக்குள் ஓடும் கரண்ட்

கே: கரண்ட் போனால் எங்கள் கம்பெனியே நின்றுவிடுகிறது. இதயத்துக்கு மட்டும் கரண்ட் எங்கிருந்து வருகிறது? (சிப்காட் தொழிலாளி, கும்மிடிப்பூண்டி)

ப: உடம்பில் ஓடும் உப்புகளிலிருந்து! இதயத்தின் வலது மேலறைச் சுவரில் சைனஸ் கணு என்று ஒன்று உண்டு. 1907-ல் ஆர்தர் கீத்தும் மார்ட்டின் ஃப்ளாக்கும் கண்டறிந்து சொன்னது. ஒவ்வொரு துடிப்பும் முடிந்ததும் அங்குள்ள செல்லின் உட்புறம் மைனஸ் 60 மில்லிவோல்ட் அளவுக்கு இறங்கும். மற்ற இதயத் தசைச் செல்கள் அடுத்த உத்தரவு வரும்வரை அப்படியே காத்துக் கிடக்கும். இதற்கு அந்தப் பொறுமை கிடையாது. சோடியம் உள்ளே கசியக் கசிய மின்னழுத்தம் ஏறும், மைனஸ் 40-ஐ நெருங்கியதும் கால்சியம் பாயும், துடிப்பு கிளம்பும். பொட்டாசியம் வெளியேறியதும் பழைய நிலை. உடனே மறுபடி ஏற்றம், ஆயுள் முழுக்க!

கே: பயந்தால் ஏன் படபடக்கிறது? (மாணவி, பொன்னேரி)

ப: அட்ரினலின் அந்தச் சோடியக் கசிவைக் கூட்டுகிறது. 1979-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஹிலரி பிரவுன், டாரியோ டிஃபிரான்செஸ்கோ, சூசன் நோபிள் மூவரும் காட்டியது இது. இதே கசிவைக் குறைத்து நாடியைத் தணிக்கும் மாத்திரைதான் ஐவாப்ரடின். டாக்டர் சீட்டு இல்லாமல் தொடாதீர்கள்.

கே: மூளை சொல்லாமல் இதயம் துடிக்குமா? (வாசகர், திருவள்ளூர்)

ப: தாராளமாக. உங்கள் மாவட்டத்தில், எளாவூர் பக்கம் ஃப்ரன்டியர் மெடிவில் வளாகத்தை உருவாக்கியவர் டாக்டர் கே. எம். செரியன்; இதய மாற்று அறுவையில் முன்னோடி. அப்படி மாற்றிவைத்த இதயத்துக்கு நரம்புத் தொடர்பு அறுபட்டிருக்கும். இருந்தும் நிமிடத்துக்கு 90, 100 என்று துடிக்கும். நமக்கு 70-ல் நிற்பது, வேகஸ் நரம்பு இழுத்துப் பிடிப்பதால்.

கே: அப்பாவுக்கு பேஸ்மேக்கர் வைத்திருக்கிறார்கள். பழையபடி இண்டக்‌ஷன் ஃபர்னஸ் வேலைக்குப் போகலாமா? (வாசகர், கவரைப்பேட்டை)

ப: இதய டாக்டரைக் கேட்காமல் அனுப்பவே அனுப்பாதீர்கள். இரும்பை உருக்கும் அந்தச் சுருளின் காந்தப்புலத்தை, இதயத்தின் சொந்தத் துடிப்பு என்று கருவி எண்ணிவிடலாம். எண்ணினால், தான் தர வேண்டிய துடிப்பைத் தராமல் சும்மா இருந்துவிடும். தலை சுற்றும், மயக்கம் வரும். அதுவும் உருகிய இரும்புக்குப் பக்கத்தில். ஆர்க் வெல்டிங்கிலும் இதே கவலைதான். வேலை போய்விடுமோ என்று சூப்பர்வைசரிடம் மறைக்கத் தோன்றும். மறைக்க வேண்டாம். பேஸ்மேக்கர் அட்டையைக் காட்டி, ஸ்டோருக்கோ எடைமேடைக்கோ மாற்றக் கேளுங்கள். அனுபவசாலியை அங்கே மாற்றி உட்கார வைப்பது நிர்வாகத்தின் கடமை.

கே: செல்போன்? (அதே வாசகர்)

ப: பேசலாம். கருவி இருக்கும் பக்கத்துச் சட்டைப்பையில் வைக்காமல், எதிர்க் காதில், 15 சென்டிமீட்டராவது தள்ளி.