உட்கார்ந்தபடி நடை படிப்போம்

மனிதன் எப்படி நடக்கிறான் என்பதை, மண்டபம் நிறையப் பிள்ளைகளை இரண்டு மணித்தியாலம் அசையாமல் உட்காரவைத்துப் படிப்பிக்கும் வித்தை எங்கள் நாட்டுக்கு நன்றாகக் கைவந்திருக்கிறது. திரையில் ஒரு எலும்புக்கூடு நடக்கும். மற்ற எல்லாரும் இருப்பார்கள். ஒரு காலடிச் சுற்றில் பாதம் நிலத்தில் நிற்பது 60 வீதம், காற்றில் 40 வீதம். எழுதிக்கொள்ளுங்கள், சோதனைக்கு வரும்.

செய்முறையா? இருக்கிறதே, அலுமாரிக்குள். மூட்டின் கோணம் அளக்கும் கோனியோமீற்றர், தசையின் மின்னோட்டத்தைப் பிடிக்கும் கருவி, மிதித்தால் விசை காட்டும் பலகை. கேள்விப்பத்திரம் கோரி வாங்கி, ரிப்பன் வெட்டி, படமெடுத்து, அன்று மாலையே பூட்டியாயிற்று. திறப்பு களஞ்சியக்காரரிடம். அவர் லீவு. அவர் வந்தால் ஆய்வுகூட உதவியாளர் இல்லை. 2022இல் நாடு கடன்காரருக்குக் கையை விரித்தபோது அந்தக் கதிரை காலியானது, காலியாகவே இருக்கிறது. பிள்ளைகள் உடைத்துவிட்டால் யார் பொறுப்பு? ஆகவே கருவிகள் பத்திரமாக இருக்கின்றன. பழுதாகக்கூட அவற்றுக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை.

எந்தக் கம்பஸ் என்று கேட்காதீர்கள். வாசிக்கிற ஒவ்வொருவரும் தன்னுடையது என்றே நினைப்பார்.

காசில்லை என்பார்கள். அது பாதி உண்மை. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதத்தைக் கல்விக்குக் கேட்டு 2012இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் மூன்று மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். காலியிலிருந்து கொழும்புக்கு நடந்தும் வந்தார்கள். மனித நடை பற்றி இந்நாட்டு உயர்கல்வி செய்த மிகப் பெரிய செய்முறை அதுதான். அரசு அதற்குப் போட்ட புள்ளி பூச்சியம். 2 வீதத்தைத் தாண்டவே இன்னும் மூச்சு வாங்குகிறோம்.

மற்றப் பாதி? செய்முறைக்குப் பெரிய காசு தேவையில்லை. 1890களில் ஜெர்மனியின் லைப்சிக்கில் பிரௌனே, ஃபிஷர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒருவனின் உடம்பில் ஒளிரும் குழாய்களைக் கட்டி, இருட்டில் நடக்கவிட்டுப் படமெடுத்து, கணக்கையெல்லாம் கையாலேயே போட்டார்கள். எங்கள் பிள்ளைகளின் சட்டைப்பையில் இருக்கும் போனுக்கு அதைவிட நல்ல கண் இருக்கிறது. அந்த வீடியோவில் கோணம் அளக்கும் கினோவியா மென்பொருள் இலவசம். ஒரு அடிமட்டத்தை ஒருவர் விழவிட, மற்றவரைப் பிடிக்கச் சொல்லுங்கள்: 20 சென்ரிமீற்றரில் பிடித்தால், கை விழித்துக்கொள்ள ஏறக்குறைய 0.2 செக்கன். இதற்கு எந்த அமைச்சர் கையொப்பம் வைக்க வேண்டும்?

ஆய்வுகூடமே வேண்டாம், வெள்ளவத்தையில் 155ஆம் இலக்க பஸ்ஸில் ஏறுங்கள். கொண்டக்டர் ஒரு காலை மிதிபலகையில் வைத்து, விரல்களுக்கிடையில் நோட்டுகளை மடித்துச் செருகி, பிரேக் விழும் முன்பே இடுப்பைப் பின்னால் சாய்ப்பார். சமநிலை பற்றி முழு அத்தியாயம் அந்த இடுப்பில் இருக்கிறது. புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவுக்குப் போனால் மூட்டை தூக்கும் நாட்டாமைமார். அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு நிறுவனமான நையோஷின் கணக்குப்படி, எல்லாம் தோதாக அமைந்தாலும் ஒருவர் தூக்கத் தகுந்த எடை 23 கிலோ. இங்கே முதுகில் 50 கிலோ சீனி மூட்டை, காலில் தேய்ந்த பாட்டாச் செருப்பு. "23" என்று சரியாக எழுதிப் புள்ளி வாங்கிய பிள்ளை, அந்த முதுகை ஓரமாக விலக்கிக்கொண்டு பஸ் பிடிக்க ஓடுகிறது.

வெள்ளவத்தைப் பெற்றோரே, உங்களையும் விடுவதற்கில்லை. டியூட்டரி வாங்கில் பிள்ளையை வருடக்கணக்காகக் கூன வைத்தீர்கள். இஸட் புள்ளி மருத்துவத்துக்குப் போதாமல் போய் இயன்மருத்துவம் கிடைத்தபோது வீட்டில் இழவு கொண்டாடினீர்கள். அங்கே செய்முறை நடக்கிறதா என்று ஒருநாளாவது கேட்டீர்களா?

துணைவேந்தர் ஐயா, பீடாதிபதி அம்மா, அலுமாரித் திறப்பைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். உடைந்தால் உடையட்டும். நாளைக்குப் பக்கவாதம் வந்து நீங்கள் கட்டிலில் கிடக்கும்போது, உங்களைப் பிடித்து நடத்தப்போவது இந்தப் பிள்ளைகள்தான்.